நம்பிக்கையினாலே பெற்ற மீட்பு

மீட்பின் நற்செய்தியில் நம்பிக்கைக்கு உரிய இடம் யாது? நம் திருச்சபைகளில் விசுவாசம் ஞாயிறுதோறும் போதிக்கப்படுகிறது. அன்பு ஓயாமல் வற்புறுத்தப்படுகிறது. நம்பிக்கையோ பெரும்பாலும் அடக்க ஆராதனைக்கென ஒதுக்கப்படுகிறது. மீட்பு முன்னமே முடிந்துவிட்ட காரியம், நம்பிக்கை அதன் இறுதியில் சேர்க்கப்படும் ஆறுதல் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். பவுல் அடிகள் இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்தாரல்லர். இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டில் 'பிஸ்டிஸ்', 'எல்பிஸ்' என்பன இரு வேறு சொற்கள். நம் ஆலயங்களில் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு முன்னதை விசுவாசம் என்றும், பின்னதை நம்பிக்கை என்றும் தருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ முன்னதை நம்பிக்கை என்றும், பின்னதை எதிர்நோக்கு என்றும் பெயர்த்துள்ளது. ஆகவே 1 கொரிந்தியர் 13:13இல் ஒரே தமிழ்ச்சொல் இரு நூல்களிலும் இரு வேறு பொருளில் நிற்கிறது. இவ்வேறுபாடு நமக்குப் பயனுள்ளதே. எதிர்நோக்கு என்பது வரவிருப்பதைச் சுட்டுகிறது. நம்பிக்கை என்பது நம்பத்தக்க ஒருவரைச் சார்ந்திருத்தலைச் சுட்டுகிறது. திருமறையில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே இணைந்துள்ளன. வாக்களித்தவர் உண்மையுள்ளவராதலால், வாக்களிக்கப்பட்டது எதிர்நோக்கப்படுகிறது.

எபிரெய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'திக்வா' என்னும் சொல்லின் வடிவமே, யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றையும் குறிக்கிறது. நகரம் விழவிருந்த வேளையில் அவள் பற்றியிருந்தது, தனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வாக்கை மட்டுமே.

பெருமூச்சும் நம்பிக்கையும்

ரோமர் 8:24இல் நாம் மீட்கப்பட்டதைக் கூறும் கிரேக்க வினை, நிகழ்ந்து முடிந்த செயலைக் குறிக்கும் வடிவில் உள்ளது. ஆயினும் அதற்கு முந்திய வசனத்திலேயே, நம் சரீர மீட்புக்காக இன்னும் காத்திருக்கிறோம் என்கிறார் பவுல். மீட்பு நிகழ்ந்துவிட்டது, ஆனால் நிறைவுபெறவில்லை. இவ்விரு உண்மைகளுக்கும் இடையே மீட்கப்பட்டவன் வாழும் முறையே நம்பிக்கை.

இப்பகுதியில் மூன்று பெருமூச்சுகள் கேட்கின்றன. படைப்பு தவிக்கிறது (22). ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் (23). ஆவியானவரும் வாக்குக்கடங்காப் பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் (26). ஆவியைப் பெற்றோர் தவிப்பினின்று விலக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். முதற்பலனைச் சுவைத்தவனுக்கே அறுவடை இன்னும் முடியவில்லை என்பது நன்கு விளங்கும். ஆகவே நம்பிக்கை, உலகின் வேதனையை மறக்கச்செய்யும் மருந்தன்று; அவ்வேதனையை மரணவேதனையாக அன்றி, பிரசவவேதனையாக அறியச்செய்யும் தெளிவு.

எரேமியா வாங்கிய நிலம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எரேமியா 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழும் என்று அறிவித்தமைக்காகத் தீர்க்கதரிசி காவலில் இருந்தார். அந்நிலையில் அவர் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, கிரயப்பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, அப்பத்திரத்தை மண்பாண்டத்தில் பாதுகாக்குமாறு பாருக்கிடம் ஒப்படைத்தார். நகரம் தப்பும் என்று அவர் பொய்யாகத் தேற்றவில்லை. நியாயத்தீர்ப்பை மறுக்காமலே, அதற்கு அப்பாலும் தேவன் இந்நாட்டைக் கைவிடார் என்பதற்குத் தம் பணத்தையே சாட்சியாக வைத்தார். நம்பிக்கை அங்கு ஒரு செயலாயிற்று.

நம் காலத்துச் சாட்சி

1964இல் 'நம்பிக்கையின் இறையியல்' என்னும் நூலை ஜெர்மானிய மொழியில் வெளியிட்ட யூர்கன் மோல்ட்மன் (1926-2024) இளமையில் இருளைக் கண்டவர். 1943இல் ஹாம்பர்க் நகர்மீது குண்டுமாரி பொழிந்தபோது அவர் அருகில் நின்ற நண்பர் மாண்டார். பின்னர்ப் போர்க்கைதியாக இருந்த காலத்தில், புலம்பல் சங்கீதங்களும் மாற்கு எழுதிய பாடுகளின் வரலாறும் அவரைக் கிறிஸ்துவிடம் வழிநடத்தின. கைவிடப்பட்டவராகச் சிலுவையில் கதறியவரையே தேவன் எழுப்பினார். ஆகவே உயிர்த்தெழுதலை நம்புகிறவன் இன்றைய உலகின் அநீதியோடு சமாதானமாக இருக்க இயலாது என்பது அவர் இறையியலின் அடிப்படை.

1973இல் பாங்காக்கில் நடந்த 'இன்று மீட்பு' மாநாடு, பொருளாதார நீதி, மனித மாண்பு, ஒருமைப்பாடு, தனிவாழ்வில் அவநம்பிக்கைக்கு எதிரான நம்பிக்கை என நான்கு துறைகளில் மீட்பு செயற்படுவதைக் கண்டது. இது நன்று. ஆயினும், நம்பிக்கை நான்கில் ஒன்று மட்டுமன்று. மற்ற மூன்றும் தளராமல் நடைபெறுவதற்கான உயிர்மூச்சும் அதுவே என்று நாம் கூறவேண்டும்.

போதகரின் பொறுப்பு

இங்கு நாம் தவிர்க்கவேண்டிய தவறுகள் இரண்டு. கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளியிடம், பரலோகத்தில் யாவும் சீராகும் என்று மட்டும் கூறுவது, ஆவியானவர் எழுப்பும் பெருமூச்சையே அடக்குவதாகும். மாறாக, நம் திட்டங்களின் வெற்றியையே தேவராஜ்யம் எனப் போதித்தால், அத்திட்டம் தோற்கும் நாளில் மக்களின் நம்பிக்கையும் உடன் புதைக்கப்படும். குணமாகாத நோயாளியின் படுக்கையருகிலும் இவ்வாறே. குணமடைவீர் என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் அவரைக் கைவிடாத ஒருவரைக் குறித்து உறுதியாகப் பேசலாம், நாமும் அவரைக் கைவிடாதிருக்கலாம். 1 தெசலோனிக்கேயர் 4:13இல் பவுல் துக்கத்தைத் தடைசெய்யவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே விலக்குகிறார்.

நம்மிலுள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி 1 பேதுரு 3:15 பணிக்கிறது. 1978இல் பெங்களூரில் கூடிய விசுவாச ஒழுங்கு ஆணைக்குழு இப்பணியையே மேற்கொண்டு, நம்பிக்கையைக் குறித்த பொது அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆனால் அவ்வசனம் ஒன்றை முன்னிட்டுப் பேசுகிறது: பிறர் நம்மை விசாரிப்பார்கள் என்பதே அது. பாடனுபவித்த அச்சிறு சபைகளில் விசாரிக்கத்தக்க ஏதோ ஒன்று காணப்பட்டது. நம் சபைகளைக் கண்டு இன்று எவரேனும் அவ்வாறு கேட்பரோ? நம் பிரசங்கங்களை ஆயத்தம் செய்யுமுன் இக்கேள்விக்கு நாம் முகங்கொடுப்போமாக.