கோக் வீட்டிலும் நம் வீட்டிலும்

பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதை ஆய்வுக்கூடத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த முறையை வளர்த்தெடுத்த ராபர்ட் கோக் அதைத் தம் வீட்டில்தான் செய்தார். 1870களில் அவர் வோல்ஷ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவர். அன்று பிரஷ்யாவில் இருந்த ஊர், இன்று போலந்தில் இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்கும் அறையிலேயே ஒரு பக்கத்தைத் தடுத்து நுண்ணோக்கியை வைத்துக்கொண்டார்.

பாக்டீரியா கிட்டத்தட்ட நிறமற்றது. தண்ணீரில் இருக்கும்போது ஒளி அதனூடே கடந்துபோய்விடும். போதாததற்கு நகர்ந்துகொண்டும் இருக்கும். கோக் துளியைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசி உலர்த்தினார், அனிலின் சாயம் ஏற்றினார், ஒளிப்படமும் எடுத்தார். 1877இல் அந்த முறையை வெளியிட்டார். அவர் கையாண்ட சாயங்கள் துணிக்காகப் பிறந்தவை. கொயினா மருந்து செய்ய முயன்ற பெர்கின் என்ற இளைஞருக்கு 1856இல் நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறம் கிடைக்க, சாய ஆலைகள் பெருகின. மெத்திலீன் நீலம் 1876இல் வந்தது. அந்த நீலத்தின் துணையோடுதான் 1882இல் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார். அதன் மெழுகு உறைக்குள் சாயம் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஊறவைக்க வேண்டியிருந்தது.

இன்று அதே மெத்திலீன் நீலம் அலங்கார மீன் கடையில், மீனுக்குப் பூஞ்சை மருந்தாகச் சிறு புட்டியில் கிடைக்கிறது. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஜென்ஷன் வயலட்டும் 1884இல் பெர்லினில் கிராம் என்ற மருத்துவர் பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் தம் புகழ்பெற்ற முறைக்குக் கையாண்ட சாயம்தான். ஒளிக்காக வெயிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். எல்இடி விளக்கு இருக்கிறது, படம் எடுக்கக் கைபேசி இருக்கிறது.

தொடங்கத் தயிரே நல்லது. மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டை எடுத்து, தண்ணீர் கலந்து சிலைடில் இழுத்துப் பூசுங்கள். தானாக உலரட்டும். பிறகு இடுக்கியால் பிடித்து, பூசிய பக்கம் மேலே இருக்க, சுடர்மேல் மூன்று முறை விரைவாகக் கடத்துங்கள். படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் நீலத்தை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, மெல்லக் கழுவி உலர்த்துங்கள். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்தன்மை உடையது, சாயம் நேர்மின்தன்மை உடையது, அதனால் பற்றிக்கொள்கிறது. சிலைடின்மேல் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100 மடங்கு எண்ணெய் வில்லையும் 10 மடங்கு கண்வில்லையும் சேர்ந்தால், அதாவது 1000 மடங்கில், குச்சிகளும் மணிக்கோவைபோல் கோத்த உருண்டைகளும் நீலமாகத் தெரியும். பாலைப் புளிக்கவைத்துத் தயிராக்கியவை அவை.

இத்தனை வசதி வந்தும் கோக்கின் கைப்பழக்கத்துக்கு மாற்று வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம். தடித்துப் பூசினால் எவ்வளவு விலையுயர்ந்த வில்லையிலும் நீலச் சேறுதான் தெரியும். ஈரம் காயுமுன் சூடு காட்டினால் உருவம் சிதையும். பொறுமை இல்லாதவருக்கு 1877இலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பிள்ளைகளுக்கு நுண்ணோக்கி வாங்குபவர்கள் எண்ணெய் வில்லை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சுடரும் சாயமும் பெரியவர் கண்முன் இருக்கட்டும். சளி, புண்நீர் போன்றவற்றை வீட்டில் தொட வேண்டாம். கிருமியைத் தட்டில் வளர்க்கவும் வேண்டாம். தயிரிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.