உயிர்க்கணக்கு – 7: தேடியும் காணாதவை

1802 ஜூன் மாதம் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டும் தாவரவியலாளர் எமே போன்ப்ளானும் இன்றைய ஈக்வடாரில் இருக்கும் சிம்பொராசோ எரிமலையில் ஏறினார்கள். உச்சியைத் தொட முடியவில்லை. ஆனால் 1807இல் ஹம்போல்ட் வெளியிட்ட ஒரு படம் அந்த மலையை உலகறியச் செய்தது. மலையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் அந்தப் படத்தில், எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறதோ அங்கேயே அதன் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

புவி சூடாவதால் அந்தச் செடிகள் மேலே ஏறிவிட்டனவா என்று அறிய, 2012இல் ஓர் ஆய்வுக்குழு சிம்பொராசோவுக்குப் போனது. செடிகளின் எல்லை சராசரியாக 500 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது என்று 2015இல் எழுதியது. 2019இல் இன்னொரு குழு ஹம்போல்ட்டின் பழைய குறிப்புகளையும், அவரும் போன்ப்ளானும் சேகரித்த உலர்தாவரங்களையும் எடுத்துப் பார்த்தது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே குறிக்கப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை சிம்பொராசோவில் எடுத்தவையே இல்லை! அன்டிசானா என்ற வேறொரு எரிமலையில் சேகரித்தவை. அந்த மலையில் போய் அளந்தபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர்தான் என்று தெரிந்தது.

ஹம்போல்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையும் தட்பவெப்பமும் செடிகளும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்டவே அவர் அதை வரைந்தார். கணக்கேடாகப் படித்தவர்கள் நாம். ஆனாலும் எங்கே தேடினோம், எப்படித் தேடினோம் என்பது எழுதப்படாமல் போனால் இருநூறு ஆண்டு கழித்து என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மறுபக்கம் ஜோசப் கிரின்னல். பெர்க்லியில் 1908இல் தொடங்கிய முதுகெலும்பு விலங்குகள் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். அவரும் அவருடைய குழுவினரும் 1914 முதல் 1920 வரை யோசெமிட்டி மலைப்பகுதியில் எலி, அணில் போன்ற சிறு விலங்குகளைக் கணக்கெடுத்தார்கள். பிடிபட்டதை மட்டும் அவர்கள் எழுதவில்லை. எத்தனை பொறி வைத்தார்கள், எந்த இடத்தில், எத்தனை இரவு என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அவர்களுடைய வாரிசுகள் அதே இடங்களில் மறுபடி பொறி வைத்தபோது இந்தக் குறிப்புகள்தான் கைகொடுத்தன. ஓர் எலி பிடிபடவில்லை என்றால் அது அங்கே இல்லையா, இருந்தும் சிக்கவில்லையா? வைத்த பொறிகளும் கழிந்த இரவுகளும் தெரிந்தால் இதற்கு ஒரு நிகழ்தகவு சொல்லிவிடலாம். அப்படிக் கணக்கிட்டுத்தான், ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதிக்கு வாழிட எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேலேறியிருக்கிறது என்று 2008இல் அறிவித்தார்கள். அந்த எண்ணை நம்ப முடிவது பழைய நோட்டுகளால்.

உயிரினப் பதிவுகளை ஒரே வடிவில் எழுத உதவும் சொல்தொகுதியான, சென்ற வாரம் பார்த்த டார்வின் கோர் இந்த இடத்தில்தான் திணறுகிறது. 2009இல் தரநிலையாக ஏற்கப்பட்ட அந்தச் சொல்தொகுதி அருங்காட்சியக மாதிரிகளின் தேவையிலிருந்து பிறந்தது: இந்த உயிர், இந்த இடத்தில், இந்த நாளில் இருந்தது. உயிரினப் பதிவுகளைத் திரட்டும், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் தளத்தில் இன்று 300 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் குவிந்திருப்பது அதனால்தான். தேடிய உழைப்பை எழுத அதிலும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவர் ‘இரண்டு பேர், காலையில்’ என்பார், இன்னொருவர் ‘4 மணி நேரம்’ என்பார். இவற்றைக் கணினி எப்படி ஒப்பிடும்?

2018இல் ராபர்ட் குரால்னிக், ரமோனா வால்ஸ், வால்டர் ஜெட்ஸ் மூவரும் கணக்கெடுப்புகளுக்கென்றே ஒரு சொல்தொகுதியை முன்வைத்தார்கள். பெயர் ஹம்போல்ட் கோர். பிறகு டிடிடபிள்யூஜி என்னும் தரநிலை அமைப்பின் பணிக்குழு அதை டார்வின் கோருடன் இணையும் ஒரு நீட்சியாகச் செதுக்கியது. 2024இல் அது ஏற்கப்பட்டது.

அது கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காடு எவ்வளவு பரப்பு? அதில் உண்மையில் கால்பட்டு ஆராய்ந்தது எவ்வளவு? இந்த இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். ஆயிரம் ஹெக்டேர் காட்டில் பத்து ஹெக்டேர் மட்டும் பார்த்துவிட்டு முழுக் காட்டின் பெயரில் பட்டியல் போடும் வழக்கம் நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேடியது எல்லாத் தவளைகளையுமா, ஒரு குடும்பத்தை மட்டுமா? வளர்ந்தவற்றையா, தலைப்பிரட்டைகளையுமா? உழைப்பின் அளவு ஒரு கட்டத்தில், அதன் அலகு இன்னொரு கட்டத்தில். தேடியும் காணாத இனங்கள் எவை? இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ‘ஆம், இல்லை’ என்று மட்டும் விடை கேட்கும் ஒரு கட்டத்தை: தேடிய குழுவில் கண்ட எல்லா இனங்களையும் பதிவு செய்திருக்கிறீர்களா?

இதே கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே விடை அளித்திருக்கிறார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து இபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று அது கேட்கும். ஆம் என்றால் பட்டியலில் இல்லாத பறவை காணப்படவில்லை என்று பொருள். இப்படிப்பட்ட முழுப் பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்று ஆண்டுவாரியாகப் பார்த்துத்தான் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை எழுதப்படுகிறது. சிட்டுக்குருவி நாடு முழுக்க அழிந்துவருகிறது என்ற நம்பிக்கையை 2020 அறிக்கை மாற்றியது. கால் நூற்றாண்டாக அதன் எண்ணிக்கை மொத்தத்தில் நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருகிறது என்றது. குருவியைக் காணாத பட்டியல்கள் இல்லாமல் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஆகவே கல்லூரி ஆய்வேடுகளையும் பழைய கணக்கெடுப்பு நோட்டுகளையும் கணினியில் ஏற்றும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனப்பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காட்டில் நடந்தவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எவ்வளவு தூரம் நடந்தார்கள், எத்தனை பேர், எந்த நேரத்தில், எதைத் தேடினார்கள் என்று கேட்டு, யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு சேர்த்துவையுங்கள். நினைவில் இல்லை என்று சொன்னால் ஊகித்து நிரப்ப வேண்டாம். உழைப்பு பதிவு செய்யப்பட்டதா என்று கேட்கவும் புதிய சொல்தொகுதியில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘இல்லை’ என்று எழுதினால் போதும்.