இரண்டே கியர், அறுபது வருட ஆயுள்

1994 ஆம் ஆண்டு. பஞ்சிகாவத்தையில் வாப்பாவின் உதிரிப்பாகக் கடையில் நான் கல்லாவில் உட்காரத் தொடங்கி இரண்டு வருடம் கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை ஒரு ஹாஜியார் வந்தார். அவரிடம் அறுபதுகளில் செய்த செவர்லே இம்பாலா ஒன்று இருந்தது. கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளைக் காராக ஓடுவதுதான் அதன் தொழில். ஓட்டுவதும் அவரேதான். கார் ஓட்டோ கியர். மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, கார் நகரத் தயங்குகிறது, பின்னால் வெள்ளைப் புகை வருகிறது. கியர் ஒயில் எவ்வளவு ஊற்றினாலும் குறைகிறது, ஆனால் நிலத்தில் ஒரு சொட்டும் விழுவதில்லை. இதுதான் அவர் சொன்ன முறைப்பாடு.

எங்களுக்குப் பழக்கமான கராஜ் பாஸ் ஒருவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நானும் அனுபவசாலி போலத் தலையாட்டி, "ஹாஜியார், இந்த ஓட்டோ கியர் எல்லாம் நம்மட ஊருக்குச் சரிவராது. மெனுவல் போட்டுடுங்க" என்றேன். கழற்றிய மெனுவல் கியர் பொக்ஸ் ஒன்றைக் கிளட்ச் பெடலோடு தேடிப் பிடித்து விற்றேன். நல்ல இலாபம். கழற்றிய ஓட்டோ கியர் பொக்ஸ் அலுமினியம் என்பதால் அதைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். அந்தக் காசும் எங்கள் கல்லாவுக்குத்தான் வந்தது. ஹாஜியார் இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். அதை நான் கண்டேன். காரோடு சேர்த்து யோசிக்கவில்லை.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை நாமெல்லோரும் பழைய வாகனத்தையே கட்டி இழுத்தோம். இப்போதும் புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதையே தொடர்ந்து ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கடைக்கு வருகிறவர்கள், "நானா, ஓட்டோ கியர் உடைஞ்சா கார் விலை போயிடும் தானே?" என்று கேட்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் நான் ஹாஜியாரிடம் சொன்னதை இன்று அவர்கள் என்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள்.

2006 இல் டுபாயில் ஒரு உதிரிப்பாகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடையில், கண்ணாடி மேசையின் மேல் பளபளவென்று ஒரு கியர் பொக்ஸ் வைத்திருந்தார்கள். எங்கோ பார்த்த உருவம். விலையைக் கேட்டேன். எங்கள் கடையின் ஒரு மாத வியாபாரம் வரும் போலிருந்தது. "இது பவர்கிளைட். இரண்டே கியர். டிராக் ரேஸுக்கு வளைகுடாக்காரர்கள் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். ஹாஜியாரின் காரிலிருந்து கழற்றி நான் கிலோவுக்குப் போட்டது இதே பவர்கிளைட்தான்.

செவர்லே கம்பனி பவர்கிளைட்டை 1950 இல் கொண்டு வந்தது. 1962 முதல் கூடு அலுமினியமானது. 1973 உடன் உற்பத்தி நின்றது. அது ஓடிய காலத்தில் அமெரிக்கர்களே அதை வழுக்கிக்கொண்டு போகும் கியர் என்று கேலி செய்தார்கள். மூன்று கியர் உள்ளவை வந்ததும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட பொருளைக் கால் மைல் தூரத்தைச் சில விநாடிகளில் கடக்கும் ரேஸ்காரர்கள் ஏன் தேடிப் பிடித்தார்கள்?

ஓட்டோ கியருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் சுற்றும் அல்லவா? டோர்க் கன்வேட்டர் என்பது அதுவேதான், காற்றுக்குப் பதிலாக ஒயில். நடுவில் இன்னொரு சிறு சக்கரம் ஒயிலைத் திருப்பி விடுவதால் புறப்படும்போது எஞ்சினின் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதற்குப் பின்னால் பற்சக்கரங்கள்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றிச் சிறியவை, வெளியே ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடிப்பது பேண்டும் கிளட்ச் பிளேட்டுகளும். பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருப்பதால், மெனுவலில் போல அவசரத்தில் கியரைத் தவற விட்டுப் பல்லை உடைக்கும் கதை இங்கே இல்லை.

பவர்கிளைட்டில் பாகங்கள் குறைவு. சுற்றும் பாரம் குறைவு, அதனால் விழுங்கும் சக்தியும் குறைவு. முதல் கியர் 1.76 அல்லது 1.82 என்ற உயரமான விகிதம். சாதாரணக் காருக்கு அது சோம்பல்தான். ஆனால் இலேசான காரில் பேய் எஞ்சினைப் பூட்டினால் அந்தச் சோம்பலே டயர் வழுக்காமல் காப்பாற்றுகிறது. வழியில் ஒரே ஒரு முறை மாற்றினால் போதும். புறப்பாட்டுக்கு டிரான்ஸ்பிரேக் என்று ஒன்று செய்தார்கள்: முன் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைத்து, எஞ்சின் முழுவேகத்தில் இருக்கக் காரை நிறுத்தி வைப்பது. சாரதி பொத்தானை விட்டதும் ரிவர்ஸ் விடுபடும், கார் பாயும். மனிதக் கால் கிளட்சை விடுவதில் வரும் தடுமாற்றம் இதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் புறப்பாடு.

இன்று செவர்லே செய்த ஒரு திருகாணி கூட இல்லாமல் ஒரு முழு பவர்கிளைட்டைச் செய்துவிடலாம். கூடு, தண்டு, பற்சக்கரம் எல்லாவற்றையும் வேறு வேறு சிறு கம்பனிகள் செய்து விற்கின்றன. தாய்க் கம்பனி கைவிட்ட பொருளைச் சுற்றி ஒரு சந்தை பிழைத்துக்கொண்டிருக்கிறது. நம்மைப் போன்ற பார்ட்ஸ் வியாபாரிகள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இத்தொழிலின் பழைய பெயர்களில் ஒன்றான பி அண்ட் எம், 1953 இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஜெனரல் மோட்டர்ஸின் ஹைட்ராமெட்டிக் கியர் பொக்ஸை ரேஸுக்காகத் திருத்திக் கொடுத்துத்தான் அது பெயர் எடுத்தது. அந்த ஹைட்ராமெட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது; பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதல் முழு ஓட்டோ கியர் அதுதான். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டுவர்ட் டாங்கியில் இரண்டு கெடிலாக் எஞ்சின்களோடு இரண்டு ஹைட்ராமெட்டிக்குகளைப் பூட்டினார்கள். ஓட்டோ கியர் மென்மையானவர்களுக்கு என்ற பேச்சு அப்போதே செத்திருக்க வேண்டும்.

அதே கம்பனி 1964 இல் கொண்டு வந்த டர்போ ஹைட்ராமெட்டிக் 400 என்ற மூன்று கியர் பொக்ஸின் கதை இன்னும் ருசியானது. ரோல்ஸ் ரோய்ஸ் அதை வாங்கி சில்வர் ஷெடோவில் போட்டது. ஜகுவார் பன்னிரண்டு சிலிண்டர் கார்களில் போட்டது. 1976 இல் பெராரி தன் முதலாவது ஓட்டோ கியர் காருக்கு அதையே வாங்கியது. அமெரிக்க இராணுவத்தின் ஹம்வி வாகனங்களுக்கும் ஆரம்பத்தில் அதே குடும்பத்துக் கியர்தான். அரண்மனைக்கும் போர்க்களத்துக்கும் ஒரே சரக்கு. பெருமை பார்க்காமல் நல்ல பொருளை வெளியே வாங்கியவர்கள் நட்டப்படவில்லை.

உடையவே உடையாது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். கிரைஸ்லரின் டோர்க்பிளைட் 727 அறுபதுகளில் டிராக் ரேஸில் மெனுவல் கார்களைத் தோற்கடித்துப் பெயர் வாங்கியது. ஆனால் அதற்குள் ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும் கிளட்ச் ஒன்று உண்டு. அது உடைந்தால் முன்புற டிரம் எஞ்சின் வேகத்தின் இரண்டு மடங்குக்கு மேல் சுழன்று சிதறிவிடும். சாரதியின் கால் இருப்பது அதன் பக்கத்தில். வேகமான ரேஸ் கார்களின் கியர் பொக்ஸுக்குக் கவசம் கட்டாயம் என்று விதி இருப்பது சும்மா இல்லை. 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுபாதையில் டொன் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர், தாம் சோதித்து வந்த இரண்டு கியர் பொக்ஸ் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். காரே இரண்டாகப் பிளந்தது. அவர் எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்து வேறொரு கார் கட்டி, அடுத்த வருடம் பொமோனாவில் வென்றார். பிறகு அந்த வகுப்பே அவர் வழிக்கு வந்தது.

டிராக் ரேஸைத் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. டெக்சாஸ்காரர் ஜிம் ஹோலின் செப்பரல் கார் 1965 இல் செப்ரிங் 12 மணி நேரப் போட்டியை வென்றபோது அதில் கிளட்ச் பெடல் இல்லை. முழு ஓட்டோ என்று சொல்ல முடியாது. டோர்க் கன்வேட்டர் இருந்தது, கியரைக் கையால் மாற்றினார்கள். இடது கால் சும்மா இருந்ததால் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். பிந்திய மாடல்களில் காரின் மேலே இருந்த இறக்கையைச் சாய்த்தது அந்த இடது கால்தான். 1967 இல் ஏழு லீட்டர் எஞ்சினைப் பூட்டியதும் அதே கியர் தாங்க முடியாமல் அடிக்கடி உடைந்தது. அந்த வருடம் பிராண்ட்ஸ் ஹெச்சில் கிடைத்த ஒரு வெற்றி மட்டும்தான். எவ்வளவு நல்ல பெட்டியும் அளவுக்கு மேல் ஏற்றினால் விழும்.

ரேஸ்காரர்கள் பெட்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும் ஒயிலைப் பார்ப்பதுமாகவே வாழ்கிறார்கள். நாமோ வாங்கிய நாளிலிருந்து மூடியைத் திறப்பதில்லை. ஓட்டோ கியரைக் கொல்வது சூடுதான். ஏறத்தாழ எண்பது பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது பட்டறைகளில் சொல்லும் கணக்கு. கொழும்பு நெரிசலில் ஊர்ந்து போகும் காரின் ஒயில் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். (அந்தக் காலத்து ஒயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்ததும் ஒயில்காரர்கள் புதிய கலவையைத் தேடி ஓடினார்கள்.) ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் தள்ளிப் போடாதீர்கள். இன்னொன்று: இப்போது வரும் சிவிடி கியர்களுக்கு இந்தப் பழைய சிவப்பு ஒயிலை ஊற்றிவிட வேண்டாம். அதற்கென்று கம்பனி சொன்ன ஒயில் மட்டும்தான்.

டுபாய்க் கடைக்காரரிடம் நான் ஹாஜியாரின் காரைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "வெள்ளைப் புகை வந்ததா? ஒயில் குறைந்து, கீழே சொட்டவில்லையா?" என்றார். ஆம் என்றேன். ஒரு சிறிய தகரப் பேணி அளவு பாகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வெக்கூம் மொடியுலேட்டர். அதற்குள் இருக்கும் மெல்லிய இறப்பர்த் தட்டுக் கிழிந்தால், எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சி எரித்துவிடும். ஒயில் குறைந்தால் கியர் வழுக்கும். வழுக்கிய கிளட்ச் பிளேட்டுகளையும் சேர்த்து மாற்றியிருந்தால் அந்தப் பெட்டி இன்றும் ஓடும் என்றார். பாகத்தின் விலை இருபது டொலர்.

ஊருக்கு வந்து ஹாஜியாரைத் தேடிப் போனேன். முற்றத்தில் கார் இல்லை. முந்திய வருடம் விற்றுவிட்டாராம். நடந்ததைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தக் காலால கிளட்ச் மிதிக்க ஏலாது மகன். பதினொரு வருஷம் ட்ரைவருக்குச் சம்பளம் குடுத்தன்" என்றார்.

அன்றைய இலாபத்தையும் பழைய அலுமினியக் காசையும் கணக்குப் பார்த்து ஒரு கவரில் கொண்டு போயிருந்தேன். வாங்கி, என் முன்னாலேயே எண்ணினார். பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதியைத் திருப்பி நீட்டினார்.

"நீங்க தந்த கியரும் ஓடினது தானே" என்றார்.