பழைய கடனுக்குப் புதுக் கையெழுத்து வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள கிராமங்களில் இன்று ஒரே வீட்டில் இரண்டு பிழைப்பு நடக்கிறது. தகப்பனார் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறார். மகனோ மகளோ தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் வந்ததும் தவணைக் கடனும் கூடவே வந்தது. மோட்டார் சைக்கிள், டி.வி., செல்போன் எல்லாம் சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கியவை.

ஆனால் தொழிற்சாலை வேலை என்றும் நிலையானது அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை, 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சம்பளம் நின்றால் தவணையும் நின்று விடுகிறது. அப்படி நின்ற கடன் பல ஆண்டுகள் கழித்து, வசூல் ஏஜென்சியின் ஆள் வடிவில் களத்து மேட்டுக்கே வருவதுண்டு.

"இன்றைக்கு ஐந்நூறு ரூபாயாவது கட்டுங்கள் ஐயா, இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் வந்தவர். ஐந்நூறுதானே, ஆளை அனுப்பி விடலாம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. காரணம் வருமாறு.

மூன்று ஆண்டுக் கணக்கு

புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கிய விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. மூன்று வருஷம் நிறையும் முன்பே கடன் கொடுத்தவர் வந்து நோட்டை மாற்றி எழுதச் சொல்வார். அல்லது சிறு தொகை பெற்றுக்கொண்டு, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார். அப்படிச் செய்தால் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வங்கி, பைனான்ஸ் கம்பெனிகளின் ஈடில்லாத கடனுக்கும் இதே கணக்குதான். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, எழுத்து மூலமான சான்றுடன் ஒரு பகுதி கட்டினாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு.

கெடு முடிந்த கடனிலும் ஒரு கண்ணி உண்டு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு, காலம் கடந்த கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்கிறது. ஆக, செத்த கடனுக்கு உயிர் கொடுப்பது உங்கள் கையெழுத்தே. செல்போனில் "தந்து விடுகிறேன்" என்று செய்தி அனுப்புவதையும் அதற்குச் சான்றாகக் காட்ட முயல்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: 2014 நவம்பரோடு தவணை நின்றது. கடைசித் தவணைக்குரிய நாள் 2015 டிசம்பர். பிறகு பணமும் கட்டவில்லை, கையெழுத்தும் இல்லை, வழக்கும் இல்லை. அப்படியானால் 2018 டிசம்பரோடு கெடு முடிந்தது. கடனை வேறு கம்பெனிக்கு விற்று விட்டோம் என்று சொன்னாலும் கெடு புதிதாகத் தொடங்காது.

அதற்குப் பிந்திய கடனானால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனா காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியுள்ளது.

கெடு முடிந்ததால் கடன் மறைந்து விடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கோர்ட் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. நிலத்தை அடமானம் வைத்த கடனுக்குக் கெடு 12 ஆண்டு. கெடுவுக்குள் வழக்குப் போட்டு டிகிரி வாங்கியிருந்தால், அதை நிறைவேற்றவும் 12 ஆண்டு அவகாசம் உண்டு. நகை அடகும், காசோலை திரும்பிய வழக்கும் வேறு கணக்கு.

மகன் கடனுக்குத் தகப்பன் பொறுப்பா?

வயது வந்த மகனோ மகளோ தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத தகப்பனார் பொறுப்பல்ல. "பிள்ளைக்காக ஒரு கையெழுத்து" என்று கேட்பது, இல்லாத பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றுவதற்கே.

இப்பகுதியில் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். வசூலுக்கு வருபவருக்கும் தெரியும். "ஒரு சென்ட் விற்றால் தீர்ந்தது" என்பார். கடனுக்கு ஈடாகக் காட்டாத நிலத்தைக் கோர்ட் டிகிரி இல்லாமல் எவரும் தொட முடியாது. அடமானம் வைத்த நிலமாயினும் அது விவசாய நிலமானால், கோர்ட்டுக்குப் போகாமல் வங்கி நேரே கைப்பற்ற 2002-ம் ஆண்டு சர்பாசி சட்டம் இடம் தரவில்லை. ஆனால் உழவு நின்று, மனை போட்ட நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

டிகிரியே வந்தாலும், விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட் கருதும் மாடு, விதை நெல் ஆகியவற்றை ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு தடை விதிக்கிறது.

வந்தவரிடம் கேட்க வேண்டியவை

விதை மூட்டை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்த்தே வாங்குகிறோம். வசூல் ஆளிடமும் அதே கவனம் வேண்டும். அவருடைய அடையாள அட்டையையும், கடன் கொடுத்த நிறுவனம் அவருக்குத் தந்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். கடன் வாங்கிய நாள், அசல், வட்டி, கடைசியாகக் கட்டிய தேதி ஆகியவற்றை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கேட்கும்போதே "இது என் கடன்" என்று எழுதித் தர வேண்டாம்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, ஊரார் முன் அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. கடன் கட்ட இயலாமை ஒரு குற்றம் ஆகாது. "போலீஸ் வரும்" என்பது வெறும் மிரட்டல். மீறினால் அந்தத் தேதியையும் நேரத்தையும் குறித்து, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையானால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அடிதடி, மிரட்டல் என்றால் உடனே காவல் நிலையம் செல்ல வேண்டும்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் வீட்டில் இருந்து விடக் கூடாது. காலம் கடந்த கடன் என்றாலும், நேரில் போய்ச் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்ச டிகிரி ஆகிவிடக்கூடும். லோக் அதாலத்தில் சமரசம் செய்து கையெழுத்திட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. எனவே படிக்காமல் கையெழுத்திடலாகாது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண் உள்ளது.

தீர்க்க நினைத்தால்

உண்மையாக வாங்கிய கடன், கட்டவும் வசதி இருக்கிறது என்றால் பேசித் தீர்ப்பதே நல்லது. பழைய பாக்கி கடன் பதிவேட்டில் நின்றால், நாளை உங்கள் பயிர்க்கடன் மனுவுக்கே தடையாகலாம். ஆனால் ஒத்துக்கொண்ட தொகையை நிறுவனத்தின் கடிதத்தில் முதலில் எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கம் தராமல், நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்தி, ரசீதும் "நிலுவை இல்லை" சான்றும் பெறுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பதிவு சரியாகி விட்டதா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள கடன் தாள்களை இந்த வாரமே எடுத்து, யார் பெயரில் வாங்கியது, யார் ஜாமீன், கடைசியாக என்று கட்டினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வசூலுக்கு ஆள் வந்தால், அந்த நோட்டைப் பார்த்த பிறகு பதில் சொன்னால் போதும்.