மலைபடுகடாம்: செங்கம் மலைக்கு ஒரு பழைய ட்ரெக்கிங் கையேடு

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாக கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போகிறவர்களில் பலர், செங்கம் பக்கம் ஒரு கணவாயைக் கடக்கிறோம் என்பதையே கவனிப்பதில்லை. வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே தென்மலை, நடுவில் ஓர் இடைவெளி. பாராமகாலுக்கும் ஆற்காட்டுச் சமவெளிக்கும் இதுதான் வாசல். 1767 செப்டம்பர் 3-ல் ஹைதர் அலி, நிஜாம் படைகளும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையும் மோதியது இங்கேதான்.

ஆனா இந்த மலைநாட்டில் எப்படி நடக்கணும்னு அதற்கும் வெகுகாலம் முன்பே ஒருத்தர் எழுதி வச்சுட்டார். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்வதுதான் பாட்டு. நன்னனின் ஊரான செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்கிறார்கள்.

அதில் வரும் எச்சரிக்கைகளைப் பாருங்க. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், அதனால் இருட்டில் போகாதே, விடிந்தபின் போ. தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தை மறைவாக வைத்துக் கடந்து போ. பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் நாணலையும் பிடித்து நட.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பாதை பிரியும் இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார். பின்னால் வருகிறவருக்கு அடையாளம்! நார்வேயில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போகிறவர்களுக்காக, பனி மூடிய மலைவழிகளில் பிர்ச் குச்சிகளை நடுகிறார்கள். இங்கே புல், அங்கே குச்சி, யோசனை ஒண்ணுதான்.

இந்த விவரம் எதையும் மேப் பார்த்துச் சொல்ல முடியாது. பொறி எங்கே, வழுக்கல் எங்கே என்பது நடந்து வந்தவருக்குத்தான் தெரியும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகள்.

அந்தக் கூத்தர் செய்த வேலையும் அதுதான். காட்டுக்குள் போறதா இருந்தா வனத்துறை அனுமதியோடு, அந்த மலையில் நடந்து பழகிய ஒருவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.