பனிச்சரிவு: வெண்மைக்குள் மறைந்திருக்கும் இடர்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அங்கே பனி என்றது புல்நுனியில் தங்கும் நீர்த்துளியையும் விடியலில் படரும் மூடலையுமே ஆகும். கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். இமயத்தில் பொழியும் பனியையும் நாம் அதே சொல்லால்தான் சுட்டுகிறோம். அதுவோ மாதக்கணக்கில் மறையாது கிடந்து, அடுக்கடுக்காக உயர்ந்து, சிற்சில வேளைகளில் பெயர்ந்து விழுந்து உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. இதனையே பனிச்சரிவு என்கிறோம்.

அடுக்குகளின் இயல்பு

மலைமேற் கிடக்கும் பனி ஒரே பொருள்போலத் தோன்றினும், ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகவே படிகிறது. ஓர் அடுக்கைக் காற்று இறுக்குகிறது. மற்றோர் அடுக்கை வெயில் உருக்க, இரவுக்குளிர் மீண்டும் உறைவிக்கிறது. படிவு மெலிந்திருக்கும் காலத்தில் கடுங்குளிர் நிலவுமாயின், அடிநிலம் ஏறத்தாழ 0 பாகை செல்சியசில் இருக்க, மேற்பரப்பு அதனினும் மிகக் குளிர்ந்துவிடும். இவ்வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலேறி, அடியிலுள்ள துகள்களைச் சீனிபோல் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்குகிறது.

வலுவற்ற இவ்வடுக்கின்மேல் புதுப்பனி பாளமாக இறுகும்போது இடர் பிறக்கிறது. ஒருவர் உடலின் எடையே போதும். அடியடுக்கு நொறுங்க, பாளம் முழுவதும் விரிசலிட்டுச் சரியும். இவை பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே தொடங்குகின்றன. மலைச்செலவில் உயிரிழப்போருள் பத்தில் ஒன்பதின்மரைக் கொல்லும் சரிவு, அவராலோ உடன்சென்றவராலோ தூண்டப்பட்டதே என்பது ஆய்வாளர் கண்ட உண்மை.

பழக்கம் காக்குமா?

பன்முறை மலையேறியவர்க்கு இவ்விடர் இல்லையோ எனில், அன்று. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் ‘திரௌபதி கா டண்டா’ சிகரத்தருகே மலையேற்றப் பயிற்சிக்குழு ஒன்று சரிவில் சிக்க, இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அவ்வாண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மக்காலு ஆகிய இரு சிகரங்களையும் பதினாறே நாள்களில் எட்டியவர் அவர். ஒரு சரிவைப் பத்துமுறை இடரின்றிக் கடந்தமை, அதன் அடியடுக்கு வலிது என்பதற்குச் சான்றாகாது. நேற்றைய பனி வேறு. இன்றைய பனி வேறு.

அறிகுறிகளும் காப்பும்

பனி தன் நிலையைச் சில குறிப்புகளால் உணர்த்துவதுண்டு. அண்மையில் அருகே நிகழ்ந்த சரிவு, காலடியில் ஓடும் விரிசல், ‘வும்’மென்று அமுங்கும் ஓசை, ஓரிரு நாள்களில் பெய்த பெரும்பனி, காற்று கொணர்ந்து குவித்த மேடு, திடீர் வெப்பம் ஆகியன அவை. ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் இடரை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றன. மூன்றாம் படியை நடுத்தரமென எளிதாக எண்ணிச் செல்வோர் பலர். ஆல்ப்சு மலையில் உயிரிழப்புகள் மிகுதியும் அப்படியிலேயே நேர்கின்றன.

ஐயத்திற்குரிய சரிவை ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டே கடத்தல் வேண்டும். இருப்பிடம் உணர்த்தும் அலைபரப்பி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், புதைந்தவரை முதற்பத்து நிமிடங்களில் மீட்டால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் மூச்சடைப்பால் மாள்பவரே மிகுதி. தொலைவிலிருந்து உதவி வருமுன் உடன்சென்றோரே மீட்பர்.

இவ்விடர் நமக்குத் தொலைவானதன்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் வீரர் பதின்மர் பனியில் புதையுண்டனர். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட அனுமந்தப்பா கொப்பத் என்ற ஒருவரும் பிப்ரவரி 11 அன்று உயிர்நீத்தார். மாண்டோருள் நால்வர் தமிழ்நாட்டவர். எல்லைகாக்கும் வீரர்க்கு நினைத்தபோது திரும்பும் உரிமை இல்லை. தேசிய மாணவர் படை வழியாகவும் தம் விருப்பினாலும் இமயம் செல்லும் நம் மாணவர்க்கு அவ்வுரிமை உண்டு. சிகரம் கைக்கெட்டும் தொலைவில் நிற்பினும், பனி ஐயம் தருமாயின் திரும்பிவிடுக. மலை மறு ஆண்டும் அங்கேயே இருக்கும்.