திசுப் பரிசோதனை: மெழுகுக் கட்டியும் மெல்லிய சீவலும்

வாரக்கணக்கில் ஆறாத வாய்ப்புண், மார்பகத்தில் தட்டுப்படும் கட்டி, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றின் காரணத்தை உறுதிசெய்ய, அவ்விடத்திலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே திசுப் பரிசோதனை (பயாப்சி) ஆகும். புற்றுநோயா, காசநோயா, வெறும் அழற்சியா என்பதைப் பெரும்பாலும் இப்பரிசோதனையே தெளிவாக்குகிறது. ஆயினும் நோய்க்குறியியல் மருத்துவர் காண்பது உடலிலிருந்து எடுத்த துண்டை அன்று. அதனை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவி, சாயமேற்றிய ஏட்டையே காண்கிறார். இரத்தச் சிவப்பணு ஒன்றின் விட்டமே ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் ஆகும். இச்சீவல் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் உறுதியான முடிவு கூற இயலாது. மாதிரியை மீண்டும் அனுப்புமாறு அறிக்கை வரும். நோயாளிக்கு அது மற்றொரு ஊசி, மற்றொரு தையல், சிகிச்சையில் தாமதம்.

முதல் ஒரு மணி நேரம்

மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை போன்ற ஊர்களில் துண்டு எடுக்கப்படும் இடம் ஒன்று. அது சீவப்படும் ஆய்வகம் வேறொன்று. மாதிரி கிருஷ்ணகிரி, தருமபுரி அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூரிலுள்ள தனியார் ஆய்வகத்திற்கோ பயணம் செய்ய நேரிடுகிறது. ஆகவே சீவலின் தரம் ஆய்வகத்தில் அல்ல, துண்டு எடுக்கப்பட்ட அறையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

உடலிலிருந்து பிரிந்த கணம் முதல் திசு தன் நொதிகளாலேயே சிதையத் தொடங்குகிறது. கோடை வெப்பத்தில் இச்சிதைவு விரைவாக நடக்கும். இதனைத் தடுப்பது ஃபார்மலின். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திசுவை இருந்த நிலையிலேயே நிறுத்துகிறது. 1893ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் வெளியிட்ட இம்முறையே இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கடையில் வாங்கும் அடர் ஃபார்மலின் 1 பங்குடன் நீர் 9 பங்கு கலந்து, பாஸ்பேட் உப்புகள் சேர்த்து நடுநிலையாக்கிய 10% கரைசலே ஏற்றது. உப்புகள் சேர்க்காத பழைய ஃபார்மலின் அமிலத்தன்மை அடைந்து, இரத்தம் மிகுந்த திசுக்களில் பழுப்பு நிறத் துகள்களைப் படியச் செய்யும். நுண்ணோக்கியில் அவை மலேரியா நிறமியைப் போலவே தோன்றி மருத்துவரைக் குழப்பும்.

கரைசலின் அளவு திசுவின் பருமனைப்போல் 10 முதல் 20 மடங்கு இருத்தல் வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்ற அளவில்தான் ஊடுருவுகிறது. ஆழம் கூடக்கூட வேகமும் குறைகிறது. எனவே பெரிய கட்டியை அப்படியே அமிழ்த்தி வைத்தால் வெளிப்புறம் கெட்டிப்பட்டிருக்கும், உட்புறம் அழுகியிருக்கும். குறுகிய வாயுள்ள மருந்துப் புட்டியையும் தவிர்த்தல் வேண்டும். மென்மையாக உள்ளே சென்ற துண்டு, மறுநாள் விறைத்துப்போய் வெளியே வராது. புட்டியை உடைத்து மாதிரியை எடுக்க வேண்டிய நிலை ஆய்வகங்களுக்குப் புதிதன்று. நோயாளியின் பெயரை மூடியில் எழுதாமல் புட்டியின் உடலில் ஒட்டுதல் வேண்டும். மூடிகள் எளிதில் மாறிவிடும்.

ஃபார்மலின் கைவசம் இல்லையென்று உப்புநீரில் (சலைன்) இட்டு அனுப்புவது பெருந்தவறு. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. காசநோய் ஐயம் இருப்பின், கிருமி வளர்ப்புக்கும் மரபணுச் சோதனைக்கும் உரிய பகுதியைத் தனியே உப்புநீரில் அனுப்புதல் வேண்டும். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும்.

மார்பகப் புற்றுநோயில் இக்கட்டுப்பாடு மேலும் கடுமையானது. எந்த மருந்து பயனளிக்கும் என்பதை அறிய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய சோதனைகள் அதே திசுவில் செய்யப்படுகின்றன. துண்டு ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினில் இடப்பட்டு, 6 மணி முதல் 72 மணி நேரம் வரை மட்டுமே அதில் இருத்தல் வேண்டும். பிசகினால், இருக்கும் ஏற்பியும் இல்லையெனக் காட்டக்கூடும். பெற வேண்டிய மாத்திரையை நோயாளி பெறாமல் போவார். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு திங்கட்கிழமை வரை அலமாரியில் காத்திருப்பது இதனாலேயே விரும்பத்தக்கதன்று.

மெழுகும் கத்தியும்

ஆய்வகத்தில் 3 முதல் 4 மி.மீ. கனத்திற்கு நறுக்கப்பட்ட திசு, செறிவு கூடிக்கொண்டே செல்லும் ஆல்கஹாலில் நீர் நீக்கப்பட்டு, சைலீனில் தெளிவாக்கப்பட்டு, சுமார் 60° செல்சியஸில் உருகிய பாரஃபின் மெழுகை உறிஞ்சுகிறது. மெழுகும் நீரும் கலவா. ஆல்கஹால் மாற்றப்படாமல் நீர்த்துப்போயிருந்தால் திசுவின் நடுவில் மெழுகு புகாது. சீவும்போது அப்பகுதி உதிர்ந்து ஓட்டையாகும்.

மெழுகில் பதிக்கும் திசையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் கருத்தில் வாய்ப்புண் மாதிரிக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. புகையிலை மெல்லுவோரிடம் எடுக்கும் இத்துண்டில், மேற்தோல் அடித்தளச் சவ்வைத் தாண்டி உள்ளே ஊடுருவியுள்ளதா என்பதே கேள்வி. துண்டை நிமிர்த்தி, எல்லா அடுக்குகளும் குறுக்குவாட்டில் தெரியுமாறு பதித்தால்தான் விடை கிடைக்கும். படுக்கவைத்துப் பதித்தால், ஊடுருவாத புண்ணும் ஊடுருவியது போல் தோன்றும்.

கட்டியைப் பனிக்கட்டியின் மேல் குளிர்வித்து, மைக்ரோடோம் கருவியில் சீவினால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய நாடாவாக வரும். நீளவாட்டில் கீறல் தெரிந்தால் கத்தியின் விளிம்பில் பழுது. குறுக்கே அலைபோல் தடித்தும் மெலிந்தும் வந்தால் கத்தியோ கட்டியோ தளர்வாக உள்ளது. நாடாவை மெழுகின் உருகுநிலையைவிடச் சற்றுக் குறைவான, 45° அளவு வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவர். ஒவ்வொரு கட்டிக்கும் பின் அந்நீரின் மேற்பரப்பைத் துடைத்தல் கட்டாயம். முந்தைய நோயாளியின் திசுத் துகள் ஒன்று மிதந்து அடுத்தவரின் தகட்டில் ஒட்டினால், இல்லாத புற்றுநோய் இருப்பதாகத் தோன்றும்.

பின்னர் ஹெமடாக்சிலின், இயோசின் சாயங்களால் உட்கரு நீலமாகவும் ஏனையவை இளஞ்சிவப்பாகவும் சாயமேற்றப்படும். எலும்பாயின் அதற்கு முன்பே அமிலத்தில் சுண்ணாம்புச்சத்தை நீக்குவதற்குக் கூடுதல் நாட்கள் தேவை. அறிக்கைக்குச் சில நாட்கள் ஆவது ஆய்வகத்தின் சுணக்கத்தால் மட்டுமன்று.

நோயாளிகள் கவனத்திற்கு

கர்நாடக எல்லையை ஒட்டிய இம்மாவட்டத்தில், புற்றுநோய் உறுதியானவுடன் பெங்களூரு கிட்வாய் நிலையத்திற்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ செல்வோர் பலர். அத்தகைய மருத்துவமனைகளில் அறிக்கைத் தாளுடன் தகட்டையும் மெழுகுக் கட்டியையும் கேட்பது வழக்கம். சீவிய பின்னும் கட்டியில் திசு எஞ்சியிருக்கும். அதிலிருந்து புதிய சீவல்கள் எடுத்து மறு ஆய்வும் கூடுதல் சோதனைகளும் செய்யலாம். எனவே மாவட்டத்தை விட்டுப் புறப்படும் முன், பரிசோதனை செய்த ஆய்வகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, திசு எண்ணைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளுதல் நலம். மெழுகுக் கட்டியை ஃபார்மலினில் இடத் தேவையில்லை. அதனைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்லாமல் கையோடு கொண்டு செல்ல வேண்டும். வழியில் மெழுகு இளகிவிட்டால் கட்டியை நீங்களே குளிர்விக்க முயலாமல், அவ்வாறே ஆய்வக நுட்புநரிடம் ஒப்படைத்து விவரத்தைக் கூறவும். மறுபடியும் மெழுகில் பதிக்க அவரால் இயலும்.